உடையாத பாட்டில்கள்

படைவீரர் நல அலுவலகத்தின் ஏழாம் நம்பர் கவுண்டரில் இருந்த அம்மா கோப்பைத் திருப்பி, கண்ணாடித் தடுப்பின் அடிச்சந்து வழியாக வெளியே தள்ளினாள்.

"நீங்களே பாருங்க சார். பதினாலு மாசம். இருமல்னு ஒருத்தர் பேர்கூட இல்ல. காய்ச்சல் நாலு, கால் முறிவு ஒண்ணு, அவ்வளவுதான். அந்த முகாம்ல மனுஷங்கதானே இருந்தீங்க?"

கம்பவுண்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். முப்பத்தொரு வருஷத்துக்கு முந்தைய நோயாளிப் பதிவேட்டின் நகல். இடது பக்கம் தேதி. தேதிக்கு எதிரே 'இல்லை'. அடுத்த தேதி, மறுபடி 'இல்லை'. எல்லா 'இல்லை'யும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவு, ஒரே சாய்வு.

"மணி மணியா எழுதியிருக்கார். யார் சார் இந்தப் புண்ணியவான்?"

"நான்தான்."

அவள் சிரிக்க வாயைத் திறந்தாள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் மட்டும் 'க்ளுக்' என்றார்.

கம்பவுண்டர் பன்னிரண்டு வருஷம் ராணுவத்தில் மருத்துவ உதவியாளராக இருந்தவர். முகாமில் வைத்த பட்டப்பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பிறகு அரசு மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் வேலை பார்த்தபோதும் அதே பெயர்தான். ஓய்வு பெற்ற மூன்றாம் வருஷம் மூச்சு வாங்க ஆரம்பித்தது. படம் எடுத்துப் பார்த்த டாக்டர் நுரையீரல் தழும்பேறிக் கெட்டிப்பட்டுவிட்டது என்றார். இது பட்டாளத்து வேலையால் வந்தது என்று நிரூபித்தால் படைவீரர் மருத்துவமனை ஆயுசுக்கும் பார்த்துக்கொள்ளும், வீட்டுக்கே ஆக்சிஜன் மெஷின் வரும். நிரூபிக்காவிட்டால் பொது வரிசை. அந்த வரிசையின் வாலில் நிற்பவர்கள் எப்படிப் போய்ச் சேருகிறார்கள் என்பதை அவர் கவுண்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இருபது வருஷம் பார்த்திருக்கிறார்.

"ரெண்டு தடவை திருப்பிட்டாங்க. இது மூணாவது, கடைசி. இதுவும் போனா அப்புறம் மனுவே வாங்க மாட்டாங்க" என்றாள் கவுண்டர் அம்மா. இப்போது குரலில் கேலி இல்லை. "பதிவேடு கைகொடுக்கல. அந்தக் காலத்துக் காகிதம் வேற ஏதாவது வேணும். இல்லாட்டி கூட இருந்தவர் ஒருத்தர் நோட்டரி முன்னாடி எழுதிக் கொடுக்கணும். 'இவர் அங்கேயே இருமினார், நான் கண்ணால பார்த்தேன்'னு. யாராவது இருக்காங்களா?"

"ஒருத்தன் இருக்கான்" என்றார் கம்பவுண்டர்.

"அப்புறம் என்ன சார், போய் வாங்கிட்டு வாங்க. சும்மா நிக்கறீங்களே!"

அவர் சும்மா நின்றதற்குக் காரணம் இருந்தது. அதை அவளிடம் சொல்ல முடியாது. வீட்டில் மனைவியிடமே சொன்னதில்லை.

அந்த முகாம் மரம் மட்டை இல்லாத வெட்டவெளி. இருநூறு பேர். கூடாரங்களுக்குப் பின்னால், கூப்பிடு தூரத்தில், ஒரு பெரிய குழி. முகாமில் மிஞ்சியது எல்லாம் அதற்குள் போகும். பிளாஸ்டிக் கேன், கிழிந்த டயர், பெயின்ட் டப்பா, செத்த பாட்டரி, ரத்தம் பட்ட பஞ்சு. மேலே டீசலை ஊற்றிக் கொளுத்துவார்கள். தினமும். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் ஏதாவது ஒரு வரிசைக் கூடாரத்துக்குள் புகை புகுந்துவிடும். காலையில் முகம் கழுவப் போனால் எல்லோர் எச்சிலும் கறுப்பு. அதைச் சொல்லி ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொள்வார்கள். யாரும் பயப்படவில்லை. முப்பது வயதில் எவன் நுரையீரலைப் பற்றி யோசிக்கிறான்?

குப்பையை லாரியில் ஏற்றிக்கொண்டுபோய்க் குழியில் கொட்டியது டிரைவர். டிப்போவிலிருந்து மருந்துப் பெட்டிகளை ஏற்றிவந்ததும் அதே டிரைவர், அதே லாரி. கம்பவுண்டருக்கு அடுத்த கட்டில்.

முகாம் மேஜருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. வாசலில் கரும்பலகை மாட்டி, 'இன்று நோயாளிகள்' என்று எழுதி, பக்கத்தில் தினமும் ஒரு எண் போடச் சொன்னார். மாதம் முழுக்க அது சைபராகவே நின்றால் முகாமில் எல்லோருக்கும் ஒரு நாள் கூடுதல் லீவு. காய்ச்சலில் விழுந்தவனையும் கால் உடைந்தவனையும் மறைக்க முடியாது. அவர்களால் நாலைந்து மாதம் போச்சு. இருமலை மறைக்கலாம். இருமிக்கொண்டே வேலை செய்யலாம். ஆகவே இருமல்காரர்கள் மருந்துக் கூடாரத்தின் முன்வாசலுக்கு வரமாட்டார்கள். பின்பக்கத் துணியைத் தூக்கிக்கொண்டு கையை நீட்டுவார்கள். கம்பவுண்டர் ஒரு பாட்டில் சிரப்பை அந்தக் கையில் வைப்பார். கைக்குரியவரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, ஆனால் எல்லாக் கையும் அவருக்குத் தெரியும். பிறகு முன்பக்கம் வந்து, பதிவேட்டைத் திறந்து, 'இல்லை' என்று எழுதுவார்.

முகாமே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

பாட்டில் எண்ணிக்கைதான் இடித்தது. நோயாளியே இல்லாத முகாமில் சிரப் எங்கே போகிறது? டிப்போக்காரர்கள் மற்றதில் எப்படியோ, பாட்டில் எண்ணுவதில் கெட்டி. கம்பவுண்டர் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோது டிரைவர்தான் வழி சொன்னார்.

"உடைஞ்சதுன்னு எழுதுடா. என் லாரியில வர்ற வழியில உடைஞ்சது. ரோடு இருக்கிற லட்சணத்துக்கு நானே உடையாம வந்து சேர்றது பெருசு."

உடைசல் அறிக்கைக்கு மூன்று பிரதி. ஒன்று டிப்போவுக்கு, ஒன்று முகாமுக்கு. மூன்றாவது ஓட்டியவரின் சொந்தக் கோப்புக்கு. 'கவனக்குறைவாக ஓட்டியதால் சேதம்' என்ற தலைப்பில் போய் உட்காரும், சாகிறவரை அங்கேயே இருக்கும். இது டிரைவருக்குத் தெரியாது. கம்பவுண்டருக்குத் தெரியும். சொல்லியிருந்தால் டிரைவர் பின்வாங்கியிருக்கலாம். சொல்லவில்லை. ஒன்பது அறிக்கை, நாற்பத்து மூன்று பாட்டில். ஒவ்வொன்றிலும் டிரைவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். கம்பவுண்டர் எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டினார்.

இதெல்லாம் முப்பத்தொரு வருஷத்துக்கு முந்திய கதை. ஆறு வருஷத்துக்கு முந்திய கதை இன்னும் மோசம்.

டிரைவர் மூச்சுத் திணறலோடு மனுப் போட்டிருந்தார். அலுவலகத்திலிருந்து கம்பவுண்டருக்கு ஒரு படிவம் வந்தது. 'மேற்படி நபர் பணிக்காலத்தில் இருமலுக்குத் தங்களிடம் சிகிச்சை பெற்றாரா? ஆம் / இல்லை.' கூடவே டிரைவரின் கடிதம், ஒரு பக்கம்கூட இல்லை: 'ஆமான்னு ஒரு டிக் போடுடா, வேற ஒண்ணும் வேண்டாம்.' அப்போது கம்பவுண்டர் ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது. ஆம் என்று போட்டால் பதிவேடு பொய் என்று ஆகும். பொய்ப் பதிவு எழுதியவன் கையில் மருந்துச் சாவி எப்படிக் கொடுத்தார்கள் என்று எவனாவது கிளப்புவான். மூன்று நாள் படிவத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தார். நாலாம் நாள் 'இல்லை'யில் டிக் போட்டு, கேட்காத ஒரு வரியையும் சேர்த்து எழுதினார்: 'எனது பதிவேடு சரியானது.'

டிரைவரின் மனு தள்ளுபடியானது. அவரிடமிருந்து அப்புறம் கடிதம் வரவில்லை.

கவுண்டரிலிருந்து திரும்பிய கம்பவுண்டர் வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி தையல் மெஷினில் பள்ளிச் சீருடைக்குப் பாக்கெட் வைத்துக்கொண்டிருந்தாள். காலை மிதியிலிருந்து எடுக்காமலே கேட்டாள்.

"என்ன சொன்னா அந்த மகராசி?"

"கூட இருந்தவன் எழுதிக் கொடுத்தா போதுமாம்."

"அதான் அந்த டிரைவர் அண்ணன் இருக்காரே. நம்ம கல்யாணத்துக்கு வந்து பந்தலையே கலகலன்னு ஆக்கினவர். அவர்கிட்ட கேட்க என்ன வெட்கம்? போங்க. கையைக் காலைப் பிடிச்சாவது வாங்கிட்டு வாங்க."

"சரி."

"சரின்னு சொல்லிட்டு நாளைக்குக் கல்லாட்டம் உட்கார்ந்திருப்பீங்க. எனக்குத் தெரியாதா?"

மறுநாள் காலை பஸ் ஏறினார்.

டிரைவரின் வீடு ஒரு பஞ்சர் கடைக்குப் பின்னால் இருந்தது. ஒரு அறை, ஒரு சமையலிடம். கதவைத் திறந்த டிரைவரின் மனைவிக்கு அவரை அடையாளம் தெரிய ஒரு நொடிகூட ஆகவில்லை. ஒரு காலத்தில் வாய் நிறைய அண்ணே என்பவள்.

"என்ன வேணும்?" என்றாள்.

அவர் பதில் சொல்லுமுன் இருமல் வந்துவிட்டது. உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"யாரது, கேட்ட இருமலாட்டம் இருக்கு? கம்பவுண்டரா? உள்ள விடு அவனை. இந்த வீட்டுல நான் ஒருத்தனே இருமி இருமிப் போரடிக்குது."

டிரைவர் கட்டிலில் உட்கார்ந்து, மடியில் இரண்டு தலையணைகளை அடுக்கி, அதன்மேல் முழங்கைகளை ஊன்றியிருந்தார். படுத்தால் மூச்சு நின்றுவிடும், அதனால் தூக்கமும் அப்படியே. லாரிச் சக்கரத்தை ஒற்றைக் கையால் கழற்றிய ஆள். இப்போது சட்டைக்குள் ஆள் இருப்பதைத் தேட வேண்டியிருந்தது. நாலு வார்த்தைக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார், மேட்டில் ஏறும் லாரி கியர் மாற்றுகிற மாதிரி.

"உனக்கும் வந்துடுச்சா?"

"வந்துடுச்சுடா."

"எத்தனை படி ஏற முடியுது?"

"பன்னிரண்டு."

"அட, நீ இன்னும் இளவட்டம்டா! எனக்குப் படியெல்லாம் வேண்டாம். சட்டையில ரெண்டாவது பொத்தானுக்கே மூச்சு வாங்குது."

கம்பவுண்டர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பஸ்ஸில் வரும்போது ஒத்திகை பார்த்த வார்த்தைகள் எல்லாம் கலைந்துபோயிருந்தன. வந்த காரியத்தை மென்று விழுங்கிச் சொன்னார். அந்த முகாமில் நானும் இருமினேன் என்று ஒரு காகிதம் எழுதித் தர வேண்டும்.

டிரைவரின் மனைவி உள்ளே வந்தாள். அலமாரி மேலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினாள். அடியிலிருந்து ஒரு தாளை உருவி அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"இது யார் கையெழுத்து?"

'எனது பதிவேடு சரியானது.' அதே சாய்வு, அதே அளவு.

"தள்ளுபடி ஆர்டரோட இதையும் நகல் போட்டு அனுப்பினாங்க. நான் படிச்சுக் காட்டினேன். ரெண்டு நாள் அவர் வாயே திறக்கல. இப்ப உங்களுக்கு இருமல் வந்ததும் அட்ரஸ் ஞாபகம் வந்துடுச்சா?"

"விடும்மா" என்றார் டிரைவர்.

"ஏன் விடணும்? பஸ் டிப்போவுல வேலைக்குப் போனப்ப என்ன சொன்னாங்கன்னு கேளுங்க இவர்கிட்ட. 'ஒன்பது தடவை கண்ணு மண்ணு தெரியாம ஓட்டியிருக்கே, உன்னை நம்பி அறுபது பேரை ஏத்தறதா'ன்னு துரத்திவிட்டாங்க. கோழிக்குஞ்சுமேலகூட டயரை ஏத்தாத மனுஷன். இருபத்தஞ்சு வருஷம் தண்ணி லாரி ஓட்டினார். யாரால?"

பெட்டியிலிருந்து ஒரு கத்தையை எடுத்துக் கட்டிலில் போட்டாள். பணி முடிந்து வரும்போது கோப்பிலிருந்து கொடுத்தவை. ஒன்பது உடைசல் அறிக்கை. மூலைகள் மடங்கி, பழுப்பேறி.

கம்பவுண்டர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். தேதி. சிரப், ஆறு பாட்டில், வழியில் உடைந்தது. தேதி. சிரப், நாலு பாட்டில். சிரப், ஏழு. வேறெந்த மருந்தும் உடையவில்லை. டிங்சர் பாட்டில் உடையவில்லை. ஊசி மருந்துக் குப்பி, நகத்தால் தட்டினாலே தெறிக்கிற சாமான், அதுவும் உடையவில்லை. பதினாலு மாதமாக அந்த லாரியில் இருமல் மருந்து மட்டும் தேடித் தேடி உடைந்திருக்கிறது. ஒரு குருடனுக்குக்கூடப் புரியும். ஆனால் நோயாளிப் பதிவேட்டையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டியவர் ஒரே ஒருவர்தான்.

அந்தக் காலத்துக் காகிதம், என்றாளே கவுண்டர் அம்மா.

"இதை ஏண்டா மனுவோட வைக்கல?"

"எதை? நான் தறிகெட்டு ஓட்டினேன்னு எழுதினதையா? அதை நானே கொண்டுபோய் நீட்டணுமா?" டிரைவர் சிரிக்கப் பார்த்தார், அது இருமலில் முடிந்தது. நிற்க வெகு நேரமானது. மனைவி முதுகைத் தடவினாள். "நீ என்ன எழுதணுமோ எழுதிட்டு வாடா. கையெழுத்துப் போடறேன். என் கையெழுத்து செல்லுமான்னு மட்டும் கேட்டுட்டு வா. என்னைப் பொய்யன்னு சொல்லி மூடின ஃபைல் அது."

மன்னித்துக்கொள் என்ற வார்த்தை கம்பவுண்டரின் தொண்டைவரை வந்தது. சொன்னால் டிரைவர் 'போடா' என்பார், அத்தோடு முடிந்துவிடும். அவ்வளவு சுலபத்தில் கழற்றிவிட்டுக்கொள்ள அவருக்கே கூச்சமாக இருந்தது. ஒன்பது தாள்களையும் நகல் எடுத்துக்கொண்டு மாலைக்குள் திருப்பித் தருகிறேன் என்றார்.

"நான் கூட வருவேன்" என்றாள் டிரைவரின் மனைவி. "உங்க கையில கொடுத்து அனுப்ப மாட்டேன்."

நகல் கடையில் ஒவ்வொரு தாளும் மெஷினுக்குள் போய் வெளியே வரும்வரை அவள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். பின்வாசல், பாட்டில், மூன்றாம் பிரதி, படிவத்தில் போட்ட டிக். தையல் மெஷின் நின்றது. அவள் ஊசியிலிருந்து நூலை அறுத்தாள்.

"அந்த அண்ணன் ஏன் வர்றதில்லன்னு எத்தனை தடவை கேட்டிருப்பேன். ஊரை மாத்திட்டார்னு சொன்னீங்க."

"ஆமா."

"இப்படி வாய் கூசாம சொல்லியிருக்கீங்களே."

அவள் அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினார். நாற்பத்து மூன்று பாட்டிலும் வழியில் உடையவில்லை, என் கையால் கொடுத்தேன், வாங்கியவர்கள் இவர்கள். யார் கை, எந்த மாதம், எத்தனை பாட்டில். ஆச்சரியமாக எல்லாம் ஞாபகம் இருந்தது. டிரைவர் மட்டும் பதினாலு பாட்டில். கடைசி மாதம், ஒன்பதாவது அறிக்கை, அதில் இரண்டு பாட்டில் கம்பவுண்டருடையது. பின்பக்கத் துணியைத் தூக்காமலே குடித்தது. அதற்கும் டிரைவர்தான் கையெழுத்துப் போட்டிருந்தார், யார் குடித்தது என்று தெரியாமல். அதையும் எழுதினார்.

கவுண்டர் அம்மா நாலு பக்கத்தையும் நின்றுகொண்டே படித்தாள். ஒன்பது நகல்களையும் பதிவேட்டையும் பக்கத்தில் பரப்பினாள்.

"அடப்பாவிகளா" என்றாள், மெதுவாக. பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தாள். "சார், இது யாருக்காகக் கொடுக்கறீங்க? உங்க மனுவுக்கா, மூடின டிரைவர் ஃபைலைத் திறக்கவா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

"ரெண்டும் நடக்காது. உங்க மனு இதே மேஜையில நிக்குது. இந்த லிஸ்ட்ல உங்க பேரும் இருக்கு. மேல இருக்கிறவங்க என்ன சொல்வாங்க? 'தன் காரியத்துக்காக இப்ப ஜோடிச்ச கதை, அன்னிக்குப் பொய் எழுதினவன் இன்னிக்கு மட்டும் நிஜம் எழுதுவானா'ன்னு எல்லாத்தையும் மொத்தமா தூக்கிப் போட்டுடுவாங்க. டிரைவரோடதும் சேர்ந்து போகும். உங்களுக்கு இதுல ஒரு லாபமும் இல்லாம இருந்தா கதை வேற. தனக்குக் கெட்ட பேர்தான் மிச்சம்னு தெரிஞ்சே ஒருத்தர் எழுதிக் கொடுத்தா அதை லேசுல தள்ள முடியாது."

"என் மனுவைத் திரும்ப எடுத்துக்கிட்டா?"

"கடைசித் தடவைன்னு சொன்னேனே. எடுத்தா எடுத்ததுதான்."

"டிரைவருக்குச் சாட்சி சொல்லாம, அவனை எனக்குச் சாட்சி சொல்லச் சொன்னா?"

"அவர் வார்த்தை செல்லாதுன்னு ஆறு வருஷம் முன்னாடியே நீங்க எழுதிக் கொடுத்துட்டீங்களே சார்." அவள் இதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் குத்தியது. "எனக்குப் பசிக்குது. நான் போய் டீ குடிச்சிட்டு வரேன். கால் மணி நேரம் ஆகும். நான் உங்களுக்கு ஒண்ணும் சொல்லல."

அவள் போனபின் கவுண்டர் பலகைமேல் தாளை வைத்துக்கொண்டு அவர் நின்றார். எதிர்ச்சுவரில் கடிகாரம். பின்னால் வரிசை முணுமுணுத்தது. ஆக்சிஜன் மெஷின் எவ்வளவு பெரிது என்று அவருக்குத் தெரியும். மனைவி அதற்காகத் தையல் மெஷினை ஜன்னல் பக்கம் நகர்த்தி இடம் ஒதுக்கி வைத்திருந்தாள்.

நாலாம் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினார். நாற்பத்தொரு பாட்டில் வாங்கியவர்கள் பட்டியல் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே: 'மீதி இரண்டு பாட்டில் மட்டும் உண்மையிலேயே உடைந்தது. ஓட்டியவர் தவறு அல்ல. நான் இறக்கி வைக்கும்போது கைதவறியது.' பேனாவுக்கு எந்தத் தயக்கமும் இல்லை. பொய் எழுதும்போது அவர் கையெழுத்து எப்போதுமே அழகாக விழும்.

பிறகு தன் மனுவைத் திரும்பப் பெறுவதாக இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். பக்கத்துக் கட்டிடத்தில் நோட்டரி வக்கீல் முத்திரை குத்தினார், என்ன காகிதம் என்று பார்க்கக்கூட இல்லை. கவுண்டர் அம்மா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். புது நாலாம் பக்கத்தைப் படித்தவள் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கோப்பில் செருகினாள்.

விசாரணை ஐந்து மாதம் இழுத்தது. நடுவில் ஒருநாள் அவரைக் கூப்பிட்டு மூன்று அதிகாரிகள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார்கள். அன்று ஏன் பொய் எழுதினாய்? லீவுக்காக. ஆறு வருஷம் முன்னால் ஏன் பொய் எழுதினாய்? பயத்தினால். இப்போது ஏன் உண்மை? அவன் சட்டைப் பொத்தான் போடக் கஷ்டப்படுகிறான், என்றார். ஒரு அதிகாரி அதை எழுதிக்கொண்டார், மற்ற இருவரும் எழுதவில்லை.

டிரைவரைப் பார்க்க மறுபடி போகவில்லை. ஆர்டர் வந்ததும் அதோடு போகலாம் என்று வைத்திருந்தார். ஆர்டர் வருவதற்குப் பன்னிரண்டு நாள் முன்னால் டிரைவர் போய்விட்டார். சேதிகூடத் தாமதமாகத்தான், பஞ்சர் கடைக்காரர் மூலமாகத் தெரிந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் டிரைவரின் மனைவி வந்தாள். வாசற்படியிலேயே நின்றாள். கம்பவுண்டரின் மனைவி எழுந்துபோய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்தாள். வந்தவள் கைப்பையிலிருந்து ஆர்டரை எடுத்துக் கம்பவுண்டரிடம் நீட்டினாள்.

"படிங்க. நான் படிச்சது சரியான்னு பார்க்கணும்."

அவர் படித்தார். நோய் பணியின் காரணமாக ஏற்பட்டதே என்று ஏற்கப்படுகிறது. ஒன்பது குற்றக் குறிப்புகளும் கோப்பிலிருந்து நீக்கப்படுகின்றன. மனைவிக்கு ஆயுள் முழுவதும் மருத்துவ வசதி உண்டு.

"சரிதான்" என்றார்.

"ஆறு வருஷம் முன்னாடி வந்திருந்தா மெஷின் வந்திருக்கும். அவர் ஒரு நாளாவது படுத்துத் தூங்கியிருப்பார்." அழவில்லை. பஸ் நேரம் சொல்கிற மாதிரிச் சொன்னாள். "நன்றின்னு சொல்ல எனக்கு வரல."

"வேண்டாம்."

"இன்னொண்ணு இருக்கு. நீங்க அன்னிக்கு வந்துட்டுப் போன ராத்திரி அவர் எழுதி வச்சது. உங்ககிட்ட கொடுக்கச் சொன்னார். கொடுக்கறதா கிழிச்சுப் போடறதான்னு இத்தனை மாசம் யோசிச்சேன்." நாலாக மடித்த தாளைத் தையல் மெஷின் பலகைமேல் வைத்தாள். எழுந்தாள். டீ வேண்டாம் என்றாள். போகும்போது கம்பவுண்டரின் மனைவியிடம் மட்டும் வரேன் என்றாள். கடைசிவரை அண்ணே என்ற வார்த்தை அவள் வாயில் வரவில்லை.

அவர் தாளைப் பிரித்தார். டிரைவரின் கையெழுத்து குண்டும் குழியுமான ரோடு மாதிரி இருந்தது. நோட்டரி முத்திரை இல்லை, தேதி இல்லை.

'எங்கள் கம்பவுண்டரும் எங்களோடு அதே புகையில்தான் கிடந்தான். எங்களைவிட அதிகமாக இருமினான், பக்கத்துக் கட்டிலில் எனக்குத் தூக்கம் கெட்டது. எங்களுக்கெல்லாம் மருந்து கொடுத்தான். தனக்கென்று ஒரு பாட்டில்கூட எடுத்ததில்லை. இது நான் கண்ணால் கண்டது. சத்தியம்.'

இரண்டு தடவை படித்தார். ஒன்பதாவது அறிக்கை கண்முன் வந்தது, கீழே இதே குண்டு குழிக் கையெழுத்து.

"என்ன எழுதியிருக்கார்?" என்றாள் மனைவி. "நமக்குச் சாட்சியா? மறுபடி கொடுத்துப் பார்க்கலாமா?"

"மனுவே கிடையாது, எதுக்குக் கொடுக்கறது?"

"என்னதான் எழுதியிருக்கார், சொல்லுங்களேன்."

"என்னைப் பத்தி நல்லபடியாத்தான் எழுதியிருக்கான்." தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். "என் பதிவேட்டைப் பார்த்துக் காப்பியடிச்ச மாதிரி இருக்கு."

அவள் எழுந்தாள். பிறகு ஜன்னல் பக்கம் நகர்த்தி வைத்திருந்த தையல் மெஷினை, தரையில் கீறல் விழ, தனியாகவே இழுத்துப் பழைய இடத்தில் போட்டாள். அவர் ஒரு கை கொடுக்க எழுந்தார். பாதி வழியில் மூச்சு வாங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.